ஏழாவது ஸ்டேஜில் கடல்

ஒரு காட்டில் (காடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு செல்போன் டவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த காடுதான்) மங்களேஸ்வரி என்ற எறும்புத்தின்னி இருந்தாள். வீடியோ கேம் செய்வது அவள் தொழில். எறும்புத்தின்னிக்கு எப்படி வீடியோ கேம் செய்யத் தெரியும் என்று கேட்காதீர்கள். காக்கா பேசினால் நம்புகிறீர்கள், கரடி பேசினால் நம்புகிறீர்கள், இதையும் நம்பிவிட்டுப் போங்கள்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவள் செய்த விளையாட்டுக்கு 'தவளைத் தாண்டவம்' என்று பெயர். கதை சின்னது. ஒரு தவளை. அதற்கு ஒரே பிள்ளை, கால்கூட முளைக்காத தலைப்பிரட்டை. பிள்ளையைப் பானைத் தண்ணீரில் விட்டுவிட்டு அப்பா இரை தேடப் போயிருந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்து பானையோடு அடித்துக்கொண்டு போய்விடும். அப்பா தாவித் தாவித் தேடிப் போவார். வழியில் பாம்பு வரும், கொக்கு வரும், மணல் லாரி வரும். அவள் கணக்கில் மொத்தம் ஏழு ஸ்டேஜ். ஏழாவது ஸ்டேஜில் பானை இருக்கும், பானைக்குள் பிள்ளை இருக்கும்.

அப்போது விளையாட்டெல்லாம் கேசட்டில்தான் வரும். டிவிப் பெட்டியோடு சேர்த்த மெஷினில் செருக வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, அடியில் 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருக வேண்டும். ஊதினால் ஏன் படம் வருகிறது என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வரும். காட்டில் ஊதாத வாயே கிடையாது. யானை ஊதியதில் மட்டும் பக்கத்து வீட்டு டிவியும் சேர்ந்து போயிற்று.

ஆறாவது ஸ்டேஜ் முடிவில் ஒரு மலையுச்சி. அங்கிருந்து தவளை ஒரு தாவு தாவும். அந்தரத்தில் இருக்கும்போதே திரை முழுக்க நீலமாகிவிடும். 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் வரும், நிற்கவே நிற்காது. ரிமோட்டில் எதை அமுக்கினாலும் ஒன்றும் அசையாது. முதல் நாள் அதைப் பார்த்த அத்தனை பேரும், "கடல் வந்திருச்சு" என்றார்கள்.

பிள்ளை கிடைக்காத துக்கத்தில் அப்பா கடலில் விழுந்துவிட்டார் என்று ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, பாசபந்தம் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கடலோடு கலந்துவிட்டார் என்று இன்னொரு கட்சி. பொங்கலுக்குப் பொங்கல் 'நீலம் துக்கமா, விடுதலையா?' என்று பட்டிமன்றம் நடக்கும். நடுவராக வரும் ஆந்தை, இரண்டும்தான் என்று வருஷா வருஷம் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு பறந்துவிடுவார். விளையாடுகிறவர்கள் நீலம் வந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்து, கையைக் கூப்பி, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு டிவியை அணைப்பார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அது கடலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஹேங் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

நடந்தது என்னவென்றால், மங்களேஸ்வரி ஏழாவது ஸ்டேஜைச் செய்யத் தொடங்கியிருந்த நேரத்தில் அவள் மேஜைக் காலில் கரையான் ஏறியது. எறும்புத்தின்னி வீட்டுக்குக் கரையான் வருவதென்றால் வீடு தேடிப் பிரியாணி வருகிற மாதிரி. சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். சாப்பிட்டதும் கண்ணைச் சொருகியது, ஒரு குட்டித் தூக்கம் போட்டாள். எழுந்து பார்த்தால் மேஜையில் கேசட் இல்லை. கம்பெனி முதலாளி நரி அமிர்தகடேசன் வந்தவர், வேலை முடிந்துதான் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கேசட்டை எடுத்துப்போய் ரிலீஸே செய்துவிட்டார். காட்டில் யார் கம்பெனி தொடங்கினாலும் முதலாளி நரியாகத்தான் அமைகிறது, அதற்கு நான் என்ன செய்யட்டும்?

காடே கொண்டாடியதில் மங்களேஸ்வரிக்குச் சந்தோஷம்தான். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் அவளுக்கு வேலை ஓடாது. அந்தப் பிள்ளை பானைக்குள்ளேயே கிடக்கிறதே, அப்பா வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்குமே, நான் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேனே என்று நினைத்து உட்கார்ந்து அழுவாள். பெற்ற பிள்ளை இல்லைதான். ஆனாலும் வெள்ளத்தில் விட்டது அவள்தானே, எடுக்க வேண்டியதும் அவள்தானே?

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. ஒருநாள் அமிர்தகடேசன் ஆள் அனுப்பினார்.

"மங்களம்மா, புதுசா யோசிக்கிறதெல்லாம் இனிமே நமக்கு எதுக்கு? பழசையே பளபளன்னு திரும்ப விடுவோம். 'தவளைத் தாண்டவ'த்தைச் செல்லுல வர்ற மாதிரி மறுபடியும் பண்ணிக் கொடுங்க."

"ஏழாவது ஸ்டேஜையும் பண்ணலாமா முதலாளி?" என்று கேட்டாள்.

"எட்டுகூடப் பண்ணுங்க. எனக்கென்ன வந்துச்சு?"

மங்களேஸ்வரி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கரையான் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்தாள். பழைய தவளை நாலே நாலு பச்சைக் கட்டம். இப்போது அதற்கு ஈரத் தோல் வைத்தாள், தொண்டை துடிக்க வைத்தாள். ஏழாவது ஸ்டேஜில் ஆற்றோரமாக ஒரு புங்கமரம். அதன் வேரில் பானை சிக்கியிருக்கும். தவளை எட்டிப் பார்க்கும். உள்ளேயிருந்து தலைப்பிரட்டை தண்ணீருக்கு மேலே வாயைக் கொண்டுவந்து, "அப்பா, ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்கும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு மங்களேஸ்வரி வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, முடிந்தது என்று நரிக்குச் சொல்லியனுப்பினாள்.

நரி முதலில் ஒரு டிரெய்லர் விட்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சுகிர்தா என்று ஒரு மந்தி இருந்தாள். எது வந்தாலும் அதைத் தான் பார்க்கிறதை வீடியோ எடுத்துப் போடுவாள். அவள் பார்க்கிறதைக் காடே பார்க்கும். டிரெய்லர் தொடங்குவதற்கு முன்பே இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். தொடங்கியதும் கிளையிலிருந்து விழுந்தாள். முடிந்ததும் மறுபடி ஏறி வந்து, "ஃபிரெண்ட்ஸ், என் சின்ன வயசையே கொன்னுட்டாங்க" என்று தேம்பினாள். அவளுக்கே அப்போது மூன்று வயது.

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். தவளைக்கு எதற்கு மூக்கு என்றது ஒரு காட்டெருமை. எங்கள் தவளை கட்டம் கட்டமாக எவ்வளவு லட்சணமாக இருக்கும் என்றது உடும்பு. இது செல்லில் வருகிறதாமே, ஊதுவதற்கு ஓட்டை எங்கே என்று கேட்டது மரநாய். ஓட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சிலர் செல்லின் மேலேயே ஊதினார்கள். எச்சில் உள்ளே போய்ச் செல் நின்றுவிட்டது. விளையாட்டு சரியில்லை என்று பேச்சாயிற்று.

இதெல்லாம்கூட அடங்கியிருக்கும். ஏழாவது ஸ்டேஜ் ஒன்று இருக்கிறது, அதில் பிள்ளை கிடைத்துவிடுகிறது என்று யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். காடு பற்றிக்கொண்டது.

'நீலக்கடல் ரசிகர் நற்பணி மன்றம்' என்று ஒன்று உண்டு. அதற்குத் தலைவர் முள்ளம்பன்றி கோதண்டம். அவர் முதுகு முள்ளில் பாதிக்கு நீலச் சாயம் பூசியிருப்பார். பாக்கிப் பாதிக்குச் சாயம் எட்டவில்லை. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அவர் உண்ணாவிரதம் அறிவித்தார். மரத்துக்கு மரம் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் நீலமாக ஒரு சதுரம், அதன் கீழே 'தோற்றம்', 'மறைவு' எல்லாம் போட்டிருந்தது.

மங்களேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. உண்ணாவிரதப் பந்தலுக்கே நேராகப் போனாள்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. அது கடல் இல்லைங்க. ஹேங் ஆயிருச்சு. நான் ஏழாவது ஸ்டேஜை முடிக்கல. கரையானைச் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன்."

கோதண்டம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, நீங்க இதை எத்தனை தடவை விளையாடியிருப்பீங்க?"

"செய்யும்போது பார்த்ததுதாங்க."

"நான் தினமும் விளையாடுறேன். கல்யாணத்தன்னைக்குக் காலையில கூட விளையாடிட்டுத்தான் மணவறைக்குப் போனேன். நீங்க அதை உண்டாக்கினீங்க, ஒத்துக்கிறேன். அதுக்காக அது என்னன்னு உங்களுக்குத் தெரியணும்னு சட்டம் இருக்கா?"

பந்தலில் விசில் பறந்தது. மங்களேஸ்வரி விடவில்லை.

"தலைவரே, பிள்ளை பானைக்குள்ளேயே கிடக்குதுங்க. இருபது வருஷமா அப்பனைக் காணாம கிடக்குது. அதைக் கண்ணால பார்க்க வேண்டாமா?"

கோதண்டத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"என் பொண்ணுக்குக் கடல்மதின்னு பேரு வெச்சிருக்கேம்மா. இப்பப் போய் 'ஹேங்'குன்னு மாத்தச் சொல்றீங்களா?"

மங்களேஸ்வரி அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாளே நரி கூப்பிட்டுவிட்டார். "மங்களம்மா, கடலைப் போட்ருங்க."

"முதலாளி, அது கோளாறு."

"கோளாறைத்தான் கேக்குறாங்க. நல்லதா ஒரு கோளாறு பண்ணிக் கொடுங்க."

எதையும் சரியாகச் செய்து பழகியவளுக்குக் கோளாறு செய்வது லேசில் வரவில்லை. முதலில் ஒரு நீலம் வைத்தாள். மன்றத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, இது வானம், கடல் இல்லை என்றார்கள். இன்னொரு நீலம் வைத்தாள். இது மயில் கழுத்து என்றார்கள். மயில் அதைக் கேட்டுவிட்டுத் தன் கழுத்து இவ்வளவு மட்டமில்லை என்று சண்டைக்கு வந்தது. கடைசியில் கோதண்டமே ஒரு சொட்டு நீல பாட்டிலைக் கொண்டுவந்து, வெள்ளை வேட்டியில் ஒரு துளி விட்டு, "இதுதான். இதே இதுதான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தத் துணிக்கு நீலம் போடுகிற நீலத்தைப் பார்த்து அப்படியே வைத்தாள். 'ஙொய்ய்' சத்தத்துக்கு கொசு ஒன்றைப் பிடித்துப் பதிவு செய்தாள். மன்றம் சம்மதித்தது.

ஆனால் மங்களேஸ்வரி ஒரு காரியம் செய்தாள். பானையை எடுத்துவிடவில்லை. நீலத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். நீலம் வந்தபிறகு ஒரே ஒரு தரம், தாவுகிற பட்டனை அமுக்கினால் போதும். நீலம் விலகும், புங்கமரம் தெரியும், அப்பா தாவிப் போய்ப் பிள்ளையைப் பார்ப்பார். யாரோ ஒருவராவது அமுக்காமலா போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

ரிலீஸ் அன்று மேளதாளம், வெடி, செல்லுக்குப் பாலாபிஷேகம் எல்லாம் அமர்க்களப்பட்டது. பாலில் கொஞ்சம் செல் போயிற்று. மிச்சம் இருந்தவர்கள் உட்கார்ந்து விளையாடினார்கள். மங்களேஸ்வரி ஒரு புதருக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவர் கட்டைவிரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலம் வந்தது. 'ஙொய்ய்' வந்தது. காடே "ஆ..." என்றது. சுகிர்தா இரண்டாவது தடவையாகக் கிளையிலிருந்து விழுந்து, "இதுக்காகத்தான் ஃபிரெண்ட்ஸ் நான் வாழ்ந்தேன்" என்றாள். எல்லோரும் செல்லைக் கீழே வைத்தார்கள். கையைக் கூப்பினார்கள். அழுதார்கள்.

'அமுக்குங்களேன்டா, ஒரே ஒரு அமுக்கு' என்று மங்களேஸ்வரி மனசுக்குள் கெஞ்சினாள். எல்லாக் கையும் கும்பிட்டபடியே இருந்தது. பிறகு அவரவர் அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போண்டா சாப்பிடப் போய்விட்டார்கள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மங்களேஸ்வரி பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் வாசலில் யாரோ செருமினார்கள். கோதண்டம்தான். தனியாக வந்திருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன தலைவரே, உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல." உட்கார்ந்தார். "காலையில கடலைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். முதுகு அரிச்சுது. சொறிஞ்சேன். ஒரு முள்ளு உதிர்ந்து செல்லு மேல விழுந்திருச்சு. அது போய் அந்தத் தாவுற பட்டன்ல..."

மங்களேஸ்வரி கிட்டே வந்து உட்கார்ந்தாள். "முழுசாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பிள்ளை பேசுச்சா?"

"ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டுச்சு." முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. "பாவி, அப்படிக் கேக்க வெச்சுட்டியேம்மா. வீட்டுக்கு ஓடிப்போய்க் கடல்மதியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். ஏம்ப்பா அழுவுறேன்னு கேட்டா. என்னத்தைச் சொல்ல?"

மங்களேஸ்வரிக்கும் கண்ணீர் வழிந்தது. இருபது வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "தலைவரே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோதண்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரலைச் சரிசெய்துகொண்டார்.

"அது விஷயமாத்தான் வந்தேன். கடலுக்கு அப்புறம் ஒரு கோளாறு வருது. அதைச் சரிபண்ணணும்."

"கோளாறா?"

"கடலோட முடியணும். முடியல. அப்ப அது கோளாறுதானே?"

"நீங்களே அழுதீங்களே, தலைவரே!"

"அழுதது என் சொந்த விஷயம். இது மன்ற விஷயம்." மறுபடி குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாரும்மா. பிள்ளை கிடைச்சிருச்சுன்னா மன்றம் எதுக்கு? பட்டிமன்றம் எதுக்கு? ஊருக்கு ஊர் கிளை வெச்சிருக்கோம். எல்லாத்தையும் இழுத்து மூடிட்டு நாங்க எங்க போறது?"

நரியிடமிருந்தும் அன்றைக்கே சொல் வந்தது. புகார் வந்தால் சரிபண்ணத்தானே வேண்டும் என்றார். மங்களேஸ்வரி பானையை விளையாட்டிலிருந்து எடுத்துத் தனிக் கேசட்டில் வைத்தாள். எடுக்கும்போது தலைப்பிரட்டை அவளையே பார்த்தது. ஒருத்தராவது பார்த்துவிட்டார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். வேறென்ன செய்வாள், பாவம்?

கோதண்டம் இந்த விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாதே என்று மன்றத்துச் செயலாளரிடம் மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கடலுக்குப் பின்னால் ஒரு பானை இருந்ததாம், பிள்ளை பேசியதாம், தலைவர் கண்ணால் பார்த்தாராம், கம்பெனி எடுத்துவிட்டதாம்.

எடுத்துவிட்டதா? அவ்வளவுதான், காடு மறுபடி பற்றிக்கொண்டது. பார்க்காத காட்சியை நினைத்துக் காட்டெருமை அழுதது, உடும்பு அழுதது. சுகிர்தா பானையே இல்லாத இடத்தை வீடியோவில் காட்டி, கிளையிலிருந்து விழுந்தாள். 'பானை மீட்புக் குழு' உதயமாயிற்று. காட்சியை நேரில் கண்ட ஒரே ஆள் என்பதால் கோதண்டத்தையே தலைவராகப் போட்டார்கள். அவரும் மறுபடி டிபனை முடித்துக்கொண்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

மங்களேஸ்வரி இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள். பானையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு நரியிடம் ஓடினாள்.

"முதலாளி, கேக்குறாங்க! அவங்களே கேக்குறாங்க! கையிலேயே இருக்கு, இப்பவே போட்டுடலாம்!"

அமிர்தகடேசன் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார். ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. 'பானையைத் திருப்பிக் கொடு' என்று கத்திக்கொண்டு போனார்கள். அத்தனை பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

"போட்டா என்ன ஆகும் தெரியுமா? பானைக்கு வாய் சின்னதா இருக்கும்பாங்க. பிள்ளைக்குக் குரல் சரியில்லைம்பாங்க. தலைவர் சொன்ன பானை இது இல்லைம்பாங்க." ஜன்னலைச் சாத்தினார். "வெச்சிருங்க மங்களம்மா. இன்னொரு இருபது வருஷம் போகட்டும். அப்ப விட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

"அதுவரைக்கும் பிள்ளை?"

"எத்தனையோ வருஷம் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்காதா?"

மங்களேஸ்வரி பானையோடு வீட்டுக்கு நடந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வழியில் புதிதாக ஒரு கரையான் புற்று எழும்பியிருந்தது. நின்று பார்த்தாள். பானையைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். வயிறு நிறைந்ததும் அங்கேயே சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள். காட்டில் அத்தனை செல்லிலும் தவளை அந்தரத்தில் நின்றது.

நீதி: முடித்துக் கொடுத்த வேலையில் ஆயிரம் குறை வரும், பாதியில் விட்ட வேலைக்கு மன்றம் வரும். ஆகவே குழந்தைகளே, வீட்டுப்பாடத்தில் பாதியை எழுதிவிட்டு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மீதியைப் பின்னால் வருகிறவர்கள் கடல் என்று சொல்லிக்கொள்வார்கள்.